மணிக்கட்டு ஆப்பரேஷன்: வலியைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் எங்கள் பக்கத்தில் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிற பெண்கள் நிறையப் பேர். குலசேகரம், திற்பரப்பு, அருமனை என்று எந்த ஊரை எடுத்தாலும் ரப்பர் வெட்டுகிறவர்கள், அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரித் தொழிற்சாலைக்கு, போகிறவர்கள், தையல் மெஷினில் குனிந்தே இருக்கிறவர்கள் எனக் கையால் பிழைக்கிற குடும்பங்கள்தான் அதிகம். கை மரத்துப்போவதை அவர்களில் பலர் நோய்க்கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வேலை செய்தால் கை மரக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு வலது மணிக்கட்டில் கார்பல் டனல் ஆப்பரேஷன் முடிந்துவிட்டது. இடது கையிலும் அதே நோய் இருக்கிறது. அதற்கு ஆப்பரேஷன் செய்யவில்லை, இப்போதைக்குச் செய்வதாகவும் இல்லை. என் அண்ணன் மனைவி, எங்கள் மைனி, செய்ய வேண்டிய காலம் கடந்த பிறகு செய்துகொண்டார். இந்த மூன்று கைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால், “எனக்கும் கை மரக்கிறது, ஆப்பரேஷன் செய்யலாமா?” என்று யாராவது கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய வழி இருக்கிறது, அதுதான் கார்பல் டனல். மூன்று பக்கமும் சிறு எலும்புகள், மேலே கூரையாக உறுதியான ஒரு தசைநார்ப் பட்டை. அந்த வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் உள்ளங்கைக்குப் போகின்றன. வேலையாலோ, நீர் கோத்தலாலோ, வேறு நோயாலோ உள்ளே வீக்கம் வந்தால் எலும்பு நகராது, பட்டையும் விரியாது, நசுங்குவது நரம்புதான். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது அந்த நரம்பு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. ஆகவே கை மரத்தால் முதலில் கவனிக்க வேண்டியது சுண்டுவிரலை. அது தெளிவாக இருந்து மற்றவை மரத்தால் சந்தேகம் மணிக்கட்டின் மேல் விழும். சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தால் முழங்கை, கழுத்து என்று வேறிடத்திலும் தேட வேண்டும். தோலில் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் ஏதாவது இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. தொழுநோயும் கை நரம்பைத் தாக்கும். அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக மருந்து தருகிறார்கள், முழுமையாகக் குணமும் ஆகும்.

இனி மைனியின் கதை. அவர் இருபது வயதிலிருந்து அண்டி ஆபீசில் முந்திரிப்பருப்பின் மேல்தோல் உரிப்பவர். பெருவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் நடுவே பருப்பை வைத்து, சிறு கத்தியால் சீவி, உடையாமல் எடுக்க வேண்டும். முழுப்பருப்புக்குத்தான் விலை. உடைந்தால் தரம் இறங்கும், மேஸ்திரி முகம் சுளிப்பார். பல வருடங்களாக அவருக்கு இரவில் கை எரிச்சலும் குத்தலும் இருந்தன. தைலம் தேய்ப்பார், வெந்நீரில் கையை வைப்பார், தூங்கிவிடுவார். ஒரு கட்டத்தில் அந்த வலி தானாகக் குறைந்தது. “இப்போது ராத்திரி எழுவதே இல்லை, நல்ல தூக்கம்” என்று எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னார். வீட்டில் நாங்களும் நிம்மதி அடைந்தோம்.

வலி குறைந்த அதே மாதங்களில்தான் அவர் உரிக்கும் பருப்பு உடையத் தொடங்கியது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியவில்லை. தாலிச் சங்கிலியின் கொக்கியைத் தானே மாட்ட முடியவில்லை. மீன் வெட்டும்போது ஆள்காட்டி விரலில் காயம் பட்டு, ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுற்ற உட்கார்ந்தபோது அவர் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். வலது உள்ளங்கையில் பெருவிரலின் அடியில் இருக்க வேண்டிய சதை மேடு பள்ளமாகக் கிடந்தது. இடது கையில் அந்த மேடு அப்படியே இருந்தது. அந்த வித்தியாசம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எங்கள் மாவட்டத்தில் கை கால் என்றால் வர்ம ஆசானிடம் போவதே முதல் வழக்கம். மைனியும் போனார், துணைக்கு நானும் போனேன். தோளிலிருந்து விரல் வரை தடவிப் பார்த்த ஆசான் பெருவிரலடியில் கையை நிறுத்தினார். சுண்டுவிரல் நுனியைப் பெருவிரலால் தொடச் சொன்னார். மைனியால் தொட முடியவில்லை. “அம்மா, சதை சூம்பிவிட்டது. இது எண்ணெயிட்டுத் தீருகிற காரியம் இல்லை. இனி நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று சொல்லிக் காசும் வாங்காமல் அனுப்பினார். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை பெரியது. எண்ணெய் தேய்த்துத் தடவும் உழிச்சலால் தோளும் முன்கையும் தளர்ந்து சுகமாக இருப்பது உண்மை. மணிக்கட்டின் உள்பக்கத்தை மட்டும் யாரும் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கிற நரம்பு அது.

மைனிக்கு ஆப்பரேஷன் நல்லபடியாகவே நடந்தது. ஆனால் போன சதை திரும்பவில்லை. விரல் நுனியில் உணர்ச்சி ஓரளவு வந்திருக்கிறது, பருப்பு உரிக்கும் அளவுக்கு இல்லை. முன்கையில் இருக்கும் ஒரு தசைநாரைத் திருப்பிப் பெருவிரலோடு பொருத்தினால் பிடிமானம் கொஞ்சம் கிடைக்கும் என்று மருத்துவர் சொன்னார். அவர் அதற்கு ஒப்பவில்லை. இப்போது அண்டி ஆபீசில் தரம் பிரிக்கும் மேசையில் இருக்கிறார்.

இதில் மருத்துவம் சொல்வதை ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு விளக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. பாலுக்காக மரத்தைச் சீவும் கத்தி மரப்பட்டையோடு நின்றால் சில வருடத்தில் புதுப்பட்டை வந்து மூடும், அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். கத்தி உள்ளே இருக்கும் தடியில் இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். நரம்புக்கும் மேலே ஓர் உறையும் உள்ளே செய்தி போகும் இழைகளும் உண்டு. அழுத்தத்தால் முதலில் கெடுவது உறை. அழுத்தம் நீங்கினால் அது மீண்டும் வளர்ந்துவிடும். அழுத்தம் தொடர்ந்தால் இழைகளே மடியத் தொடங்கும். அவை திரும்ப வளர்வது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு வந்துசேரப் பல மாதங்கள் ஆகும், முழுதாக வந்துசேரும் என்ற உறுதியும் இல்லை. வலியும் குத்தலும் தெரிவது நரம்புக்கு இன்னும் உயிர் இருப்பதால். மதமதப்பு பகலிலும் நிலைத்து, வலி மட்டும் குறைகிறது என்றால் அதைக் குணம் என்று எண்ணிவிடக் கூடாது. நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்: ஆப்பரேஷனுக்கு நாள் குறிக்க வலியைப் பார்க்காதீர்கள், உணர்ச்சியையும் பெருவிரல் சதையையும் பாருங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். உள்ளங்கைகள் இரண்டையும் வெளிச்சத்தில் சேர்த்து வைத்து, பெருவிரலடி மேடு ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் சுண்டுவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் தொடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட முடிகிறதா, தரையில் கிடக்கும் குண்டூசியை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை போதும். தினமும் பார்த்தால் பயம்தான் மிஞ்சும்.

என் கைக்கு வருகிறேன். எங்கள் சிறு ரப்பர் தோட்டத்தில் வெட்டு என் பொறுப்பு. விடிவதற்கு முன் தலைவிளக்கோடு போய், ஒவ்வொரு மரத்திலும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பட்டையைச் சீவ வேண்டும். ஆழமும் பார்க்க வேண்டும், தடிக்கு முன் ஒரு மில்லிமீட்டர் பட்டை மிஞ்ச வேண்டும். இது கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை, கத்திப்பிடி வழியாக விரல் அறிகிற வேலை. இரவில் மட்டும் மரத்த காலத்தில் எனக்கு வெட்டில் குறை எதுவும் இல்லை. அப்போது மருத்துவர் சொன்னது எளிது: இரவில் மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும்படி ஸ்ப்ளிண்ட் பட்டை கட்டித் தூங்க வேண்டும், ஆறு வாரமாவது விடாமல். கையைத் தலைக்கு அடியில் மடக்கித் தூங்குவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். பட்டை அதைத் தடுக்கிறது. அதிலேயே தூக்கம் திரும்பியது.

ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தது. தைராய்டு, சர்க்கரை, முடக்குவாதம், கர்ப்பம் ஆகியவற்றோடு இந்த நோய் சேர்ந்து வரும். மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கும் அதிகம். ஆகவே கத்திக்கு முன் இந்தப் பரிசோதனைகள் அவசியம். பக்கத்து வீட்டு மருமகளுக்கு எட்டாம் மாதத்தில் இரண்டு கையும் மரத்தது. பட்டை மட்டும் கட்டினாள், பிரசவத்துக்குப் பிறகு தானாகவே போய்விட்டது. அவளுக்கு யாராவது அவசரப்பட்டு ஆப்பரேஷன் செய்திருந்தால் எவ்வளவு வீண்!

தைராய்டு மாத்திரை எடுக்கத் தொடங்கிய பிறகு இடது கை படிப்படியாகத் தெளிந்தது. வலது கை, வெட்டுகிற கை, தெளியவில்லை. மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில மாதம் கை புதிதுபோல இருந்தது, பிறகு பழையபடி ஆனது. ஊசியின் இயல்பே அதுதான். பலருக்கு அது கொடுப்பது ஓர் இடைவெளி. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஊசிக்கு மேல் ஊசி என்று போய்க்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நாட்களில் உள்ளே அழுத்தம் தொடர்ந்துகொண்டே இருக்கலாம்.

ஒரு காலை வெட்டில், கத்தி தடியைத் தொட்டது விரலுக்குத் தெரியவில்லை. பால் வழிகிற கோட்டில் வெள்ளை மரம் தெரிந்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அன்று பகல் முழுவதும் ஆள்காட்டி விரல் நுனியை நிரடிக்கொண்டே இருந்தேன். மதமதப்பு போகவே இல்லை. இரவில் மட்டும் வந்துபோனது பகலில் குடியேறியிருந்தது. அந்த வாரமே நரம்புக் கடத்தல் சோதனைக்கு நாகர்கோவில் போனேன்.

இந்தச் சோதனையைப் பற்றிப் பயம் வேண்டாம். சின்னச் சின்ன மின்சாரத் துடிப்புகளைக் கொடுத்து நரம்பின் வேகத்தை அளக்கிறார்கள், சுண்டியதுபோல் இருக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த கையில் நரம்பின் வேகம் குறைவாகக் காட்டும். ஏசி அறையில் நெடுநேரம் காத்திருந்தால் கையைச் சூடாக்கிக்கொண்டு போங்கள், அங்கிருப்பவர்களிடமும் சொல்லுங்கள். லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று அறிக்கை வரும். ஆரம்ப நிலையில் சிலருக்கு இயல்பானது என்றும் வரலாம். ஆகவே தாளை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, கையையும் பார்க்க வேண்டும். முன்பு ஓரிடத்தில் சோதனை எதுவும் செய்யாமல் “இரண்டு கைக்கும் ஒன்றாக ஆப்பரேஷன் செய்துவிடலாம், இந்த வாரமே வாருங்கள்” என்றார்கள். அதை நம்பிப் படுத்திருந்தால் நல்ல இடது கையிலும் இன்று தழும்பு இருந்திருக்கும்.

எனக்கு இடது கை லேசானது, வலது கை நடுத்தரத்தைத் தாண்டிக் கடுமையை நெருங்கியது என்று வந்தது. சதை இன்னும் சூம்பவில்லை. மருத்துவரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “எத்தனை மாதம் தள்ளலாம், அதற்குள் எதை இழப்பேன்?” யார் ஆப்பரேஷனுக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் பட்டையோடு தள்ளலாம், ஒரு வருடம் தள்ளக் கூடாது, இடையில் பெருவிரல் பலம் குறைந்தால் உடனே வர வேண்டும் என்றார். ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும் காலத்தில் பால் குறையும், எப்படியும் வெட்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த ஓய்வு மாதங்களின் தொடக்கத்துக்கு நாள் குறித்தோம். தோட்டமும் கையும் சேர்ந்து ஓய்வெடுத்தன. கயிறு, தையல், பூக்கட்டு என்று எந்தத் தொழிலுக்கும் ஓர் ஓய்வு காலம் உண்டு. மருத்துவர் அனுமதிக்கும் இடைவெளிக்குள் அது விழுந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதற்காக இடைவெளியையே நீட்டக் கூடாது.

என் அத்தைக்கு ஆப்பரேஷன் என்றால் பயமே கிடையாது. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் இருந்த சாமர்வெல் டாக்டர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தவர். அந்தக் கதைகளைத் தன் அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவர் அத்தை. “நம் ஊரில் கத்திக்கு என்ன பயம் மக்களே, போய்விட்டு வா” என்றார். எனக்குப் பயம் இருந்தது.

கையை மட்டும் மரக்கவைத்துச் செய்தார்கள். பதினைந்து இருபது நிமிட வேலை. உள்ளங்கையின் அடியில் சிறு கீறல், மேலே கூரையாக இருக்கும் பட்டையை அறுத்து விடுகிறார்கள், நரம்புக்கு இடம் கிடைக்கிறது. பேசிக்கொண்டே இருந்தேன், அன்று மாலையே வீட்டுக்கு வந்தேன். சிறு துளை வழியாகக் கேமரா வைத்தும் செய்வார்கள். அதில் வேலைக்குத் திரும்புவது கொஞ்சம் விரைவு, நீண்ட காலத்தில் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். எந்த முறை என்பதைவிடச் செய்கிறவர் இந்த ஆப்பரேஷனை அடிக்கடி செய்கிறவரா என்று கேட்பது முக்கியம். தொற்று, தழும்பு வலி, பட்டை முழுதாக அறுபடாமல் போவது, அரிதாக நரம்பில் காயம் ஆகிய ஆபத்துகளையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், நாள் குறிக்கும் முன்பே அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் போய் விசாரித்துவிட வேண்டும்.

வீட்டு விஷயங்களை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். வளையலையும் மோதிரத்தையும் முந்தைய நாளே கழற்றிவிடுங்கள். தையல் பிரிக்கும் வரை, பத்து முதல் பதினான்கு நாள், கட்டு நனையக் கூடாது. வலது கையென்றால் இடக்கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட வேண்டும். கஞ்சியும் உதிரியாக வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) எனக்குக் கைகொடுத்தன. இடது கையென்றால் கழிவறையில் சிரமம், பீச்சும் குழாய் மாட்டிவைத்தால் உதவும். இதற்காகவே இரண்டு கைக்கும் ஒரே நேரத்தில் செய்துகொள்வதை, வீட்டில் நல்ல துணை இல்லாதவர்கள் தவிர்க்க வேண்டும். தலை வாரவும் ஜாக்கெட் கொக்கி மாட்டவும் ஆள் வேண்டும். முன்பக்கம் திறக்கும் நைட்டி அந்த நாட்களுக்குப் போதும். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள், விரல்களை அன்றே அசைக்கத் தொடங்குங்கள். விரலைக் கட்டிவைத்ததுபோல் அசைக்காமல் இருந்தால் இறுகிவிடும்.

இரவுக் குத்தல் முதல் சில நாட்களிலேயே போய்விட்டது. விரல் நுனியின் மதமதப்பு அவ்வளவு வேகமாகப் போகவில்லை, மாதங்கள் எடுத்தது. உள்ளங்கையின் அடியில், கீறலுக்கு இருபுறமும் ஊன்றினால் வலிக்கும். சப்பாத்தி தேய்க்க, தரையில் கை ஊன்றி எழ, கத்தியைத் தள்ள எல்லாம் அந்த இடம்தான் வேண்டும். இது பலருக்கும் வருவது, மெல்ல அடங்கும். ஆப்பரேஷன் தோற்றுவிட்டது என்று அந்த நேரத்தில் மனம் உடைந்துவிடக் கூடாது. பிடிமானம் திரும்ப எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. மறுபடி வெட்டப் போனபோது கத்திப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றித் தடிமனாக்கினேன். கத்தியை முன்பைவிட அடிக்கடி தீட்டுகிறேன். கூர் குறைந்தால் மணிக்கட்டுதான் பாரம் சுமக்கிறது. ரப்பர் ஷீட் அடிக்கும் உருளையின் கைப்பிடியை இப்போது மகன் சுற்றுகிறான்.

இடது கைக்கு இரவில் பட்டை கட்டுகிறேன், தைராய்டு மாத்திரையை விடுவதில்லை, மாதத்துக்கு ஒருமுறை பஞ்சு வைத்துப் பார்க்கிறேன். மரப்பு வந்தாலும் உதறினால் போய்விடுகிறது, பகலில் இல்லை, பெருவிரல் சுண்டுவிரலைத் தொட்டு உறுதியாக நிற்கிறது. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஒரு நரம்புச் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதில் நடுத்தரம் என்று வந்து, பகலிலும் விரல் மரத்தால், அடுத்த இலையுதிர்வுக்கே நாள் குறித்துவிடுவேன். லேசானது என்றே வந்தால் பட்டையோடு இன்னொரு வருடம் பார்ப்பேன்.